நிலையான பொருள் எண் 42

வாருங்கள், கிட்டே வந்து உட்காருங்கள். கதவோரம் தயங்கி நிற்பவரும் உள்ளே வந்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகிற கதையில் ராஜா இல்லை, பேயும் இல்லை. ஒரு நகராட்சி இருக்கிறது, அதுவே போதும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் எவருக்காவது தலை குனியத் தோன்றினால் குனிந்துகொள்ளுங்கள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு நகராட்சியின் பூங்காத் துறையில் ஒரு மனிதர் வேலை பார்த்தார். அவரை எல்லோரும் 'தலையெண்ணி' என்றுதான் கூப்பிட்டார்கள். பூங்காவுக்கு வருகிற தலைகளை எண்ணுவது அவர் வேலை. கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன எண்ணுமானி அவரிடம் இருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் ஏறும். முப்பத்தொரு வருஷமாக அழுத்தி அழுத்தி, அந்த விரல் அவர் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் வாசலில் ஆள் நுழைந்தால் விரல் தானாக ஒரு முறை மடங்கி நிமிரும்.

மனிதர் நல்லவர். யார் மனசையும் நோகடிக்க மாட்டார். மேலதிகாரி மனசைத் துளிகூட நோகடிக்க மாட்டார்.

அவர் மனைவிக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வலது பக்கம் அப்படியே மரத்துப்போய், ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிர் தப்பியது. பேச்சு திரும்பியது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தூரத்து ஊரிலிருந்து நடந்து வருவதுபோல் வந்தது. கால் இழுத்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் சொன்னாள்: "அம்மா, தினமும் நாற்பது தடவை போய்ப் போய் வரணும். இடுப்பு உயரத்துக்கு உறுதியா ஒரு கம்பி இருக்கணும், அதைப் பிடிச்சுக்கணும். இந்த ஆறேழு மாசத்துல கால் எவ்வளவு வாங்குதோ அவ்வளவுதான். அப்புறம் அழுதாலும் வராது."

அவர்கள் குடியிருந்தது இரண்டு அறை வீடு. இந்தச் சுவரிலிருந்து ஏழு காலடி வைத்தால் அந்தச் சுவர். நடுவில் ஒரு பீரோ வேறு.

தெருக்கோடிப் பூங்காவின் வடக்கு மூலையில் ஒரு சரிவு இருந்தது. யாரும் உருண்டுவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் அங்கே இருபத்திரண்டு அடி நீளத்துக்கு ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி போட்டு வைத்திருந்தார். சரியாக இடுப்பு உயரம். தினமும் காலை ஏழு மணிக்கு மனைவியின் தங்கை அவரை அங்கே கூட்டி வருவாள். இந்தக் கொழுந்தியாள் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை. அக்காள் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய் வருவார். தங்கை பெஞ்சில் உட்கார்ந்து ஊரைத் திட்டுவாள். நான்கு மாதத்தில் இழுத்த கால் கொஞ்சம் தூக்கத் தொடங்கியிருந்தது.

இப்படியிருக்கையில் பூங்காத் துறை இயக்குநர் வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு மட்டையோடு வந்தார்.

பிக்கிள்பால் என்று ஒரு விளையாட்டு. டென்னிஸுக்குத் தம்பி, டேபிள் டென்னிஸுக்கு அண்ணன். பலகை மாதிரி ஒரு மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்து, இடுப்பளவு வலை. அடித்தால் 'டொக்' என்று கேட்கும். நல்ல விளையாட்டுதான். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கத்தியின்மேல் குற்றம் சொல்லி என்ன பயன், வெட்டுகிற கையைப் பார்க்க வேண்டும்.

இயக்குநர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

"நம்ம பூங்காக்கள்ல ஒரு பெரிய குறை இருக்கு. ஜனங்க வர்றாங்க, உட்கார்றாங்க, எழுந்து போயிடுறாங்க. எதுக்கு வந்தாங்கன்னு நம்மகிட்ட ஒரு பதிவும் கிடையாது. ஒருத்தர் மரத்தடியில உட்கார்ந்து சந்தோஷமா இருந்தார்னு வைங்க. அதை நான் எந்த அறிக்கையில காட்டுறது? எட்டுப் பூங்காவுல பதினாறு பிக்கிள்பால் கோர்ட். இனிமே சந்தோஷத்துக்குக் கோடு போட்டுடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தலையெண்ணியின் விரல் கை தட்டியவர்களை எண்ணியது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் ஆடுகளம் போடலாம் என்று ஒரு பழைய விதி. ஆகவே ஆள் நடமாட்டம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தச் சொன்னார்கள். கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் கணக்கெடுப்பு எவ்வளவு சுலபம் பாருங்கள்! தெருக்கோடிப் பூங்காவின் வடக்கு மூலை தலையெண்ணிக்கு ஒதுக்கப்பட்டது. படிவத்தில் நான்கு கட்டங்கள்: ஓடுபவர், குதிப்பவர், பந்தோடு வருபவர், நாயோடு வருபவர்.

அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனார். அந்தத் தலைமை எழுத்தருக்கு 'விதியார்' என்று பெயர். தும்மினால்கூட எந்த விதியின் கீழ் தும்மினார் என்று சொல்லக்கூடியவர்.

"சார், உட்கார்ந்திருக்கிறவங்கள எந்தக் கட்டத்துல எழுதறது?"

"உட்கார்றது ஒரு செயலா?"

"செயல்னு சொல்ல முடியாதுதான்..."

"செய்யாததைச் செஞ்சதா எழுதினா அதுக்குப் பேர் பொய்க் கணக்கெடுப்பு. வேலை போயிடும், தெரியுமில்ல?"

"மெதுவா நடக்கிறவங்க இருந்தா?"

விதியார் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். "நிமிஷத்துக்கு எத்தனை காலடி?"

தலையெண்ணிக்கு அது நன்றாகத் தெரியும். "பத்து... பன்னிரண்டு இருக்கும் சார்."

"முப்பதுக்குக் கீழ போனா அது நடை இல்லய்யா, நகர்வு. நகர்வெல்லாம் மண்சரிவுப் பிரிவுக்குப் போகும், நமக்கு வராது."

"அப்ப அவங்கள எழுதவே வேண்டாமா?"

"ஏன் எழுதக் கூடாது? இருபது நிமிஷத்துக்கு மேல ஒரே மூலையில இருக்கிறது எதுவானாலும் நிலையான பொருள். படிவத்தோட பின்பக்கம் பட்டியல் இருக்கு பாருங்க. பெஞ்சு, குப்பைத் தொட்டி எல்லாம் எழுதற இடம். அதுல எழுதுங்க." விதியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க? தெரிஞ்சவங்க யாராவது வர்றாங்களா? உறவுக்காரங்கள எண்ணினா அது சார்புக் கணக்கெடுப்பு."

இந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'என் வீட்டுக்காரிதான் சார்' என்று மூன்று வார்த்தை. ஆனால் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனதையே அவர் அலுவலகத்தில் சொல்லவில்லை. கால் இழுக்கிற மனைவி என்று நாலு பேர் 'ச்சு' கொட்டுவார்களே என்று வெட்கம். பாருங்கள், வெட்கப்பட வேண்டாத இடத்தில் பட்டுத் தொலைத்தால் பட வேண்டிய இடத்தில் அது கைகொடுப்பதில்லை.

"இல்ல சார், சும்மாதான் கேட்டேன்" என்றார்.

மறுநாள் காலை பூங்கா வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல் அக்காளும் தங்கையும் வந்தார்கள். மனைவி கம்பியைப் பிடித்து நடக்கத் தொடங்கினார். நடுவில் நின்று, நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி அவருக்கு ஆட்டினார். ஒரு கை கம்பியில் இல்லாமல் நிற்பது அதுதான் முதல் தடவை. அதைக் காட்டத்தான் ஆட்டினார். தலையெண்ணி குனிந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா!" கொழுந்தியாள் பெஞ்சிலிருந்து கத்தினாள். "எங்களயும் எண்ணிட்டீங்களா?"

"ம்... எண்ணிட்டேன், எண்ணிட்டேன்."

அது பொய் இல்லை. முன்பக்கம் நான்கு கட்டத்திலும் பூஜ்யம் போட்டார். பின்பக்கம் திருப்பி, அழகான முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: பெஞ்சு 6. குப்பைத் தொட்டி 3. கைப்பிடிக் கம்பி 1. பெண்மணிகள் என்று எழுதப்போனவர், கொழுந்தியாள் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள் என்பதால் அவளை விட்டுவிட்டு, 'பெண்மணி 1' என்று முடித்தார்.

இருபத்தொரு நாள் இப்படியே எழுதினார். இருபத்தொரு நாளும் மனைவி கை ஆட்டினார்.

பட்டியலில் உள்ள பொருளுக்கெல்லாம் எண் ஒட்ட வேண்டும் அல்லவா? இரண்டு ஆட்கள் பசையும் தகட்டுச் சீட்டுமாக வந்தார்கள். பெஞ்சுக்கு ஒட்டினார்கள், தொட்டிக்கு ஒட்டினார்கள், கம்பிக்கு 41 ஒட்டினார்கள். பிறகு பட்டியலைப் பார்த்தார்கள், மனைவியைப் பார்த்தார்கள்.

"அம்மா, நாற்பத்திரண்டு நீங்கதான். எங்க ஒட்டட்டும்?" என்று மரியாதையாகவே கேட்டார் ஒருவர்.

கொழுந்தியாள் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்தாள். "ஒட்டுவ, ஒட்டுவ! உங்க இயக்குநர் ஒரே நாற்காலியில எட்டு வருஷமா உட்கார்ந்திருக்காரே, அவருக்கு நெத்தியில ஒட்டிட்டு வா, அப்புறம் எங்க அக்காவுக்கு ஒட்டு!"

"எங்களுக்கு என்னம்மா தெரியும், எழுதிக் கொடுத்ததை ஒட்டறோம். ஒட்டாம போனா எங்க சம்பளத்துல பிடிப்பாங்க."

மனைவி ஊன்றுகோலை நீட்டினார். "இதுல... ஒட்டுங்க. பாவம்... அவங்க. நான் தொலைஞ்சு போனா... கண்டுபிடிச்சுக் குடுப்பாங்க" என்று சொல்லி, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

தலையெண்ணி வாசலில் உட்கார்ந்திருந்தார். தூரம் அதிகமில்லை. எழுந்து போக அறுபது காலடி. அவர் கணக்கில் அது இரண்டு நிமிஷ நடை. போகவில்லை.

அடுத்த வாரம் அதே ஆட்கள் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கைதான் உரக்கப் படித்தாள்:

'நிலையான பொருள் எண் 42க்கு. தாங்கள் நிறுவப்பட்டுள்ள இடத்தில் பிக்கிள்பால் ஆடுகளம் அமையவிருப்பதால், தாங்களும் எண் 41ஆன கைப்பிடிக் கம்பியும் பெயர்த்தெடுக்கப்பட்டு நகராட்சிக் கிடங்கில் சேர்க்கப்படுவீர்கள். ஆட்சேபம் இருப்பின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசலாம். இணைப்பு: பட்டியல் நகல், ஒரு பக்கம்.'

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் மனைவி கடிதத்தை நீட்டினார். "என்னங்க... இது?"

"ஏதோ தப்பா அனுப்பிட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"கம்பிய... எடுத்துடுவாங்களா?"

"அதான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?"

மனைவி இணைப்பாக வந்த இரண்டாவது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு பயிற்சி நடந்தது. தங்கை எதிரே உட்கார்ந்துகொள்வாள், அக்காள் சொல்வார்: "அந்தக் கம்பிய மட்டும் விட்டுடுங்க. அதைப் பிடிச்சுத்தான் நான் நடக்கிறேன்." எட்டு வார்த்தைதான். முதல் நாள் அதற்கு ஒரு நிமிஷம் ஆனது. பத்தாம் நாள் அரை நிமிஷத்துக்கு வந்தது. 'பிடிச்சு' என்ற இடத்தில் மட்டும் நாக்கு வழுக்கியது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாலும் தலையெண்ணிக்கு அது கேட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. வாசலில் எல்லோருக்கும் ஒரு கருத்துச் சீட்டு கொடுத்தார்கள். பிக்கிள்பால் ஆடுகளம் 'வேண்டும்', 'மிகவும் வேண்டும்', 'உடனே வேண்டும்' என்று மூன்று கட்டம். விருப்பமானதில் குறியிடலாம். கட்டாயம் எதுவும் இல்லை.

முதலில் விளக்க ஆட்டம். இயக்குநர் ஒரு பக்கம் மட்டையோடு நின்றார், எதிர்ப்பக்கம் விதியார். இயக்குநர் பந்தைப் போட்டார். விதியார் வலைக்கு அருகில் ஓடிவந்து அந்தரத்திலேயே அதை அடித்தார்.

"தப்பு!" என்றார் இயக்குநர். "வலைக்கு ரெண்டு பக்கமும் ஏழடிக்குச் சமையலறைன்னு பேரு. சமையலறைக்குள்ள நின்னு அந்தரத்துல அடிக்கக் கூடாது."

"ஆம்பளைங்க சமையலறையில வேலை செய்யாம இருக்க விளையாட்டுலயும் விதி போட்டுட்டாங்களா!" என்றாள் கொழுந்தியாள். மண்டபம் சிரித்தது. இயக்குநரும் தன் விளையாட்டை ரசிக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்.

பிறகு பேசினார்: "சிலர் கேக்கறாங்க, முடிவு பண்ணிட்டு எதுக்குக் கருத்துக் கேக்கறீங்கன்னு. நியாயமான கேள்வி. முடிவு பண்ணாம கேட்டா, எதைப் பத்திப் பேசறோம்னு தெரியாம ஜனங்க குழம்பிப் போவாங்க. அந்தச் சிரமத்தை நாங்களே எடுத்துக்கிட்டோம். ஜனங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க மனசைத் தெரிஞ்சுக்கிட்ட ஒரே நகராட்சி நம்மதுதான். வடக்கு மூலையில இருபத்தொரு நாள் கணக்கெடுப்பு நடத்தினோம். ஒரு மனுஷர்கூட இல்ல. இதோ, எண்ணினவரே இங்க இருக்கார்!"

தலையெண்ணி மேடை ஓரத்தில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எண்ணத் தெரிந்தவர் என்பதால் நேரம் பார்க்கிற வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள். எண் கூப்பிட்டதிலிருந்து இரண்டு நிமிஷம் ஆனதும் மேஜை மணியை அழுத்த வேண்டும். கட்டை விரலால் அழுத்துகிற மணி.

வாடகை வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் சத்தத்தைப் பற்றிப் பேசினார். டொக் டொக்கென்று காலையிலிருந்து கேட்டால் இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து எப்படித் தூங்குவது என்றார். மணி அடித்தது. ஒரு தையல்காரி மரத்தைப் பற்றிக் கேட்டாள். மணி அடித்தது.

"எண் நாற்பத்திரண்டு!"

மனைவி மூன்றாவது வரிசையில் இல்லை, நான்காவதில் இல்லை, கடைசி வரிசையில் இருந்தார். தங்கை கூட எழுந்தாள். "பேசறவர் மட்டும் வரணும்" என்றார் விதியார்.

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மனைவி புறப்பட்டார். நடுவழியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாற்காலியின் முதுகாகத் தொட்டுத் தொட்டு வந்தார். யாரோ இருமினார்கள். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். தலையெண்ணியின் விரல் காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்று. பதினைந்து. நாற்காலி வரிசை முடிந்து மேடைக்கு முன்னால் வெறும் தரை வந்தபோது மனைவி நின்றார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பி இல்லாத அந்த வெறும் தரையில் எட்டுக் காலடி தனியாக வைத்து, இருபத்து மூன்றாவது காலடியில் ஒலிவாங்கியின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கினார். வாயைத் திறந்தார்.

"அந்த..."

மணி அடித்தது.

அவர் அடிக்க நினைக்கவில்லை. அடிக்காமல் இருக்கவும் நினைக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்து விரல், அது பாட்டுக்கு மடங்கி நிமிர்ந்துவிட்டது. அப்படித்தான் பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். விரல் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் இயக்குநர். "இவ்வளவு சிரமப்பட்டு வந்தும் நீங்க ஒரு ஆட்சேபமும் சொல்லல. அதை ஆதரவுன்னு பதிவு பண்ணிக்கறோம்."

பலத்த கைதட்டல்.

பேருந்தில் வீடு திரும்பினார்கள். மனைவி ஜன்னலோரம், அவர் பக்கத்தில், கொழுந்தியாள் முன் இருக்கையில். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது நிறுத்தத்தில் மனைவி சொன்னார்: "கையெழுத்து... அழகா இருக்கு."

"எந்தக் கையெழுத்து?"

இடுப்பிலிருந்து அந்த நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து அவர் மடியில் வைத்தார். பெஞ்சு 6. குப்பைத் தொட்டி 3. கைப்பிடிக் கம்பி 1. பெண்மணி 1.

"பெண்மணின்னு... எழுதியிருக்கீங்க" என்றார் மனைவி. "மரியாதையா."

கடிதம் வந்த அன்றே தெரிந்திருக்கிறது! பத்து நாள் அந்தத் தாளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவருக்குத் தட்டில் சாப்பாடு போட்டிருக்கிறார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பது என்பார்கள். சோறு போடுகிறவளிடம் எங்கே கொண்டுபோய் மறைப்பது? அவர் தாளை மடிக்கப் பார்த்தார். மடிப்பு சரியாக விழவில்லை.

கம்பியைப் பெயர்த்தார்கள். சரிவை நிரவினார்கள். பச்சைத் தரை, வெள்ளைக் கோடு, நடுவில் வலை. இயக்குநர் நாடா வெட்டினார். மனைவி வீட்டில் ஏழு காலடி இந்தப் பக்கம், ஏழு காலடி அந்தப் பக்கம் போய்வந்தார். பீரோவில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். தூக்கத் தொடங்கியிருந்த கால் இரண்டு மாதத்தில் மறுபடி இழுக்க ஆரம்பித்தது.

அப்போது தலையெண்ணிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'எண் 41 கிடங்கை வந்தடைந்தது. எண் 42 வந்தடையவில்லை. பட்டியலிட்டவர் என்ற முறையில் விளக்கம் தருக.'

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக அவர் யாரையும் கேட்காமல் ஒரு பதில் எழுதினார். 'எண் 42 என் வீட்டில் இருக்கிறது. அது பொருள் அல்ல, என் மனைவி. நான் எழுதியது தவறு. வெட்கப்படுகிறேன்.'

மூன்றாம் நாள் விதியார் கையெழுத்தோடு பதில் வந்தது. 'நகராட்சிச் சொத்தை வீட்டில் வைத்திருந்ததை நீர் ஒப்புக்கொண்டுள்ளீர். வெட்கம் என்பதற்கு விதியில் இடமில்லாததால் அது கவனத்தில் கொள்ளப்படவில்லை. மேற்படி பொருளை ஏழு நாட்களுக்குள் முன்பு இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைக்கவும்.'

உண்மையைச் சொன்னதற்குத் திருட்டுப் பட்டம்! அவர் கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினார். இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் மனைவி. "எடுத்த இடத்துல... வெச்சுடுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூவரும் பூங்காவுக்குப் போனார்கள். மாலையில் ஆட ஆள் வருவார்கள். காலையில் அந்த ஆடுகளம் வெறுமையாகக் கிடக்கும். இயக்குநருக்கு அந்தக் காலை நேரத்துப் பூஜ்யம்தான் தலைவலி. ஆகவே புதுப் படிவம் அடித்துத் தலையெண்ணியிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரே கட்டம்: 'கோட்டுக்குள் கால் வைத்த எவரும் ஆட்டக்காரர்.'

மனைவி பழைய கம்பி இருந்த இடத்தைத் தேடினார். அங்கே வலை இருந்தது. அதே இடுப்பு உயரம். இடது கையால் வலையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தார். வலை தொய்ந்தது. இன்னோர் அடி.

"ஊறுகாய்ப் பந்து ஆட எங்கக்கா வந்துட்டா, எழுதுங்க மாமா!" என்றாள் கொழுந்தியாள். பேருந்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. திட்டுதானா என்று அவருக்குத் தெரியவில்லை. விதிப்படி '1' என்று எழுதினார்.

அந்த ஒன்றைப் பார்த்த இயக்குநர் மறுநாளே ஒரு புகைப்படக்காரரோடும் ஒரு பதக்கத்தோடும் வந்திறங்கினார். காலை நேர ஆட்டக்காரர், அதுவும் மூத்தோர் பிரிவில்! எதிரில் ஆட எவரும் இல்லாததால் வெற்றியும் அவருக்கே. மனைவியின் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுப் படம் எடுத்தார்கள்.

"பிக்கிள்பால் உங்க வாழ்க்கையை எப்படி மாத்திச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று இயக்குநர் ஒலிவாங்கியைத் தாமே வாயருகில் கொண்டுவந்து பிடித்தார். "நிதானமா சொல்லுங்க. நேரக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது."

மனைவி நிதானமாகவே சொன்னார். ஒரு வார்த்தைகூட வழுக்கவில்லை.

"அந்தக் கம்பிய மட்டும்... விட்டுடுங்க. அதைப் பிடிச்சுத்தான்... நான் நடக்கிறேன்."

பலத்த கைதட்டல். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு எளிமையா சொல்லிட்டாங்க!" என்று சொல்லிவிட்டு அடுத்த பூங்காவுக்குக் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு அங்கே மூவர்தான் மிஞ்சினார்கள். கொழுந்தியாள் பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி வலையின் மறுகோடிவரை போய்விட்டார். அங்கே வலை முடிந்தது. வலை என்ன இருந்தாலும் கம்பி இல்லை; திரும்பும்போது சாய்ந்தால் தாங்காது. ஒரு கை வலைக் கம்பத்தில், மறு கை காற்றில், அப்படியே நின்றார்.

தலையெண்ணி மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். அறுபது காலடி. போய் முன்னால் நின்று கையை நீட்டினார்.

"என் கையைப் பிடிச்சுக்க."

மனைவி அந்தக் கையைப் பார்த்தார். "கையில... அது இருக்கே."

எண்ணுமானி. கையை விட்டு இறக்காமலே முப்பத்தொரு வருஷமாகக் கையோடு ஒட்டிப்போனது. அவர் விரல்களைப் பிரித்து அதை எடுத்துத் தரையில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். உள்ளங்கையில் அதன் வட்டம் வெளுத்துத் தெரிந்தது.

மனைவி கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இல்லை. முழங்கைக்குக் கீழே, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்பதுபோல ஒரு பிடி.

"மணி... அடிக்க மாட்டீங்களே?"

அவர் தலை குனிந்தபடி இல்லை என்று ஆட்டினார். குனிந்த தலைக்கு மனைவியின் கால் மட்டும் தெரிந்தது. இழுத்து, நின்று, தூக்கி, வைத்து. அவர் தன் காலையும் அதே வேகத்துக்குக் குறைத்துக்கொண்டார். விதிப்படி அது நடை இல்லை.

அன்றைய படிவம் நகராட்சிக் கோப்பில் இன்றும் இருக்கிறதாம். அந்த ஒரே கட்டத்தில் எண் எதுவும் எழுதவில்லை. விதியார் விளக்கம் கேட்டபடி இருக்கிறார்.

சரி கண்ணுகளா, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் தள்ளாடி நடக்கிறவர் எவராவது இருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை எப்போதும் இருக்கட்டும். அந்தக் கையில் வேறொன்றும் இல்லாமல் இருக்கட்டும். பேச ஆரம்பித்தவர் பேசி முடிக்கும்வரை உங்கள் வீட்டில் எந்த மணியும் அடிக்காமல் இருக்கட்டும். வாசலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும், மெதுவாக வருகிறவரும், வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறவரும், ஒருவர் என்றே எண்ணப்படட்டும். நன்றாக இருங்கள்.